ஐம்பத்தெட்டாம் எண் நகல்

மனு எழுதும்போது தாளின் இடது பக்கம் ஓர் அங்குலம் விட வேண்டும். படிக்கிற அதிகாரி தன் குறிப்பை எழுத அந்த இடம். எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. நாற்பது வருடமாக விட்டுக்கொண்டு வருகிறேன். அதில் எழுதின அதிகாரிகள் குறைவு. இந்தக் கடிதத்திலும் விட்டிருக்கிறேன், ஐயா. தங்களுக்குத் தேவைப்படும்.

என் பெயர் சாலமோன். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். திருவொற்றியூர் மார்க்கெட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். சகாய நகர் குடியிருப்போர் நலச்சங்கத்துக்குப் பதினான்கு வருடமாகச் செயலாளர். எங்கள் கால்வாய் நடைபாலம் இடிந்து பதினேழு பேர் இறந்ததை விசாரிக்கிற தங்கள் ஆணையத்தின் முன்னால் சென்ற ஆண்டு சாட்சி சொன்னேன். தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "இவரைப்போல ஊருக்கு ஒருத்தர் இருந்தால் நாடு உருப்படும்" என்றீர்கள். அது பத்திரிகையில் வந்தது. என் மனைவி ஹெப்சிபா அதைக் கத்தரித்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறாள்.

இந்தக் கடிதம் மொஹ்சினுக்காக. பாலத்தைப் பழுதுபார்க்காமலே பழுதுபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார் என்று பதினாறு மாதமாகப் புழல் சிறையில் இருக்கிற வெல்டிங் மேஸ்திரி அவர். இரண்டு முறை ஜாமீன் கேட்டுக் கிடைக்கவில்லை. தங்கள் அறிக்கை இந்த மாதக் கடைசியில் வருகிறது என்கிறார்கள். அதில் அவர் பெயர் வந்துவிட்டால் பிறகு யார் எழுதியும் பயனில்லை. அவர் மேல் தவறு இல்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை முறையாகச் சொல்கிறேன். முறை தப்பினால் எனக்குக் கை ஓடாது.

கால்வாய்க்கு மேற்கே எங்கள் நகர். கிழக்கே ஸ்டேஷன், மார்க்கெட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம். நடுவே ஐந்து தூணில் ஓர் இரும்பு நடைபாலம். அதில் போனால் ஸ்டேஷனுக்கு எட்டு நிமிடம். இல்லையென்றால் வடக்கே போய் லாரிப் பாலத்தைச் சுற்ற வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டி மாதிரி நிற்கிற இடம் அது. ஐம்பது நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு நாலாயிரம் பேர் நடைபாலத்தில் போய் வந்தார்கள். நின்று எண்ணிய கணக்கு இது.

பாலம் ஆட ஆரம்பித்த வருடம் முதல் கடிதம் எழுதினேன். புதிய கான்கிரீட் பாலம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, கார்பன் தாள் வைத்து நகல் எடுத்து, பதிவுத் தபால் ரசீதை மூலையில் ஒட்டி அடுக்கி வந்தேன். கம்ப்யூட்டர் கடைக்காரப் பையன்கள் சிரிப்பார்கள். நகல் இல்லாத கடிதம் எழுதாத கடிதம்.

எங்கள் நகரில் மீன் விற்கிற பச்சையம்மாவும் சிரிப்பாள். காசிமேட்டில் மீன் எடுத்து ரயிலில் வந்து, கூடையோடு தினமும் பாலம் ஏறி வருகிறவள்.

"இன்னா சார், லெட்டர் போட்டியா?"

"போட்டேன் பச்சையம்மா. முப்பத்தொன்பதாவது."

"நீ எய்தி எய்தி உன் பேனாவும் தேஞ்சிடுச்சு, பாலமும் தேஞ்சிடுச்சு. எது மொதல்ல வுழப்போவுதுன்னு நானும் பாத்துக்கினு கீறேன்."

ஐம்பத்தைந்தாம் கடிதத்தை நேரில் கொடுக்கப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். வெளியே கூட்டி வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், உள்ளதச் சொல்றேன். ரிப்பேருக்கு ஆர்டர் வரப்போகுது. நாலு இரும்பை வெச்சு ஒட்டிட்டு, பாலம் நல்லா இருக்குன்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க. அப்புறம் இருபது வருஷத்துக்கு யாரும் தொட மாட்டான். புதுப் பாலமெல்லாம், ஒரு நாலு பேர் செத்தாத்தான் சார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மொஹ்சின் ஒரு சின்ன லாரியில் இரும்பும் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நின்றார். பதினைந்து நாள் பாலத்தை அடைக்க வேண்டும்; அதற்குச் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். இந்த வழக்கம் என்னால் வந்தது. மக்களைக் கேட்காமல் பாதையை அடைக்கக் கூடாது என்று இருபத்திரண்டாம் கடிதத்தில் கேட்டிருந்தேன். பன்னிரண்டு வருடத்தில் அவர்கள் ஒப்புக்கொண்ட ஒரே கோரிக்கை அது.

அவர் என்னைப் பாலத்துக்கு அடியில் கூட்டிப் போனார். மூன்றாவது தூணின் காலில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது.

"பாத்தியா சார், அப்பளம். பெயின்ட்டுதான் தூணாட்டம் நின்னுகினு கீது. பதினஞ்சு நாள் குடு, கட்டிக் குடுத்துட்றேன். கலீஜ் வேல செய்றவன் இல்ல நானு."

"கட்டினா எத்தனை வருஷம் தாங்கும்?"

"இருபது வருசம் கண்ண மூடிக்கினு போலாம்."

குமாஸ்தா சொன்ன அதே இருபது.

"கட்டாம விட்டா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார் கேக்குற? வர்ற மழைக்கு நிக்காது. ஒரு நாள் கும்பலா ஏறினா முடிஞ்சுது."

கடைக்குத் திரும்பி வந்து ஐம்பத்தெட்டாம் கடிதத்தை எழுதினேன். 'தற்காலிக ஒட்டுவேலையைச் சகாய நகர் மக்கள் ஒருமனதாக நிராகரிக்கிறார்கள். புதிய பாலம் ஒன்றே எங்கள் கோரிக்கை. அதுவரை பாதையை அடைக்கச் சங்கம் சம்மதிக்காது.' நல்ல கடிதம். ஒரு சொல் கூடுதல் இல்லை. மக்களைக் கூட்டிக் கேட்டேனா என்று தாங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு கடிதத்துக்கும் கேட்டதில்லை. இதற்கு மட்டும் கேட்டால் முறை மாறிப்போகும்.

மொஹ்சின் வாங்கிப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். "படிச்சவன் நீ. உனுக்குத் தெரியாதா" என்று மட்டும் சொன்னார். கடிதத்தை அவருடைய ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தார். அந்த ஒப்பந்தக்காரர் வேலை முடிந்ததாகக் காகிதம் தயாரித்தார். அதன் கீழே இருக்கும் மொஹ்சின் கையெழுத்து, வருடத் தொடக்கத்தில் வெற்றுத் தாளில் வாங்கி வைத்தது. அந்த ஒப்பந்தக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்றைக்குப் போகும்போது மொஹ்சின் ஒரு காரியம் செய்தார். 'ஆபத்து, ஏறாதீர்' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதின தகரம் ஒன்றைப் பாலத்தின் குறுக்கே கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போனார். கயிறு என் கடையில் வாங்கினது. ஊர் முழுக்கச் சுற்றிப் போக வேண்டியதாகி, வைகிறவர்கள் வைதார்கள். மறுநாள் காலை பால்காரர் வருகிற நேரத்தில் போய் அவிழ்த்துவிட்டேன். வெட்டவில்லை, நல்ல நைலான் கயிறு, முடிச்சைத்தான் அவிழ்த்தேன். அந்தத் தகரம் ஓர் அறிவிப்பாகாது, ஐயா. அதில் எண் இல்லை, தேதி இல்லை, அலுவலக முத்திரை இல்லை. இப்போதும் என் குடோனில் தார்ப்பாய்ச் சுருள்களுக்குப் பின்னால் இருக்கிறது. தேவையென்றால் அனுப்பிவைக்கிறேன்.

அந்த வாரத்திலிருந்து நான் கடைக்கு லாரிப் பாலம் வழியாக நடந்து போக ஆரம்பித்தேன். என் மகள் மகிமா அப்போது ரயிலில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளை விடுதியில் சேர்த்தேன்.

"இப்ப எதுக்குங்க ஹாஸ்டல்? பாலத்தத் தாண்டுனா ஸ்டேஷன். பிள்ளைய ஏன் அனுப்பணும்?" என்றாள் ஹெப்சிபா.

"படிக்கிற பிள்ளைக்கு அலைச்சல் ஆகாது" என்றேன். அந்த வருடம் அவளுக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

நான் சுற்றிப் போவதைப் பச்சையம்மா ஒருத்திதான் கவனித்தாள்.

"இன்னா சார், நடந்துகினே கீற?"

"சுகர் பச்சையம்மா. நடந்தா நல்லது."

"பாலத்துலயும் நடக்கத்தான் செய்யணும். சுகர்காரன் பாலம் ஏறக்கூடாதுன்னு எந்த டாக்டர் சொன்னான்?" பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புரட்டாசியில் பாலம் அதிகமாக ஆடியது. பெண்கள் சேர்ந்து நெடுஞ்சாலையில் மறியலுக்கு உட்காருவது என்று முடிவு செய்தார்கள். நான் போய்ப் பேசினேன். மறியல் என்றால் போலீஸ் வரும், அதிகாரி வருவார், அவசரத்துக்கு ஒட்டுவேலை செய்து வாயை அடைப்பார்கள், கோப்பு கெட்டுப்போகும். ஒருவர் எழுதினால் போதும் என்றேன்.

கூடி உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. பச்சையம்மாதான் கேட்டாள். "அதெல்லாம் வேணாம் சார். பாலத்தப் பத்தி நீ எய்திக்கிறியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

"எழுதியிருக்கேன்."

"சார் எய்திக்கிறாராம், எழுந்திருங்கடி" என்றாள். எழுந்து போய்விட்டார்கள். நான் சொன்னது பொய் இல்லை.

ஐப்பசியில் நான்கு நாள் மழை. ஐந்தாம் நாள் திங்கட்கிழமை, வானம் வெளுத்திருந்தது. நான் லாரிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். நடுப்பாலத்தில் ஒரு கன்டெய்னர் லாரி அச்சு முறிந்து நின்றது. பின்னால் பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன. எங்கள் நகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஜார்ஜ் வண்டியை அணைத்துவிட்டு வெளியே நின்றான்.

"எல்லாரும் எறங்கி நடைபாலத்துக்குப் போய்ட்டாங்க சார். ரெண்டு பஸ் ஜனம், ஸ்கூல் புள்ளைங்க, கம்பெனி ஆளுங்க. எட்டு இருபது வண்டியப் புடிக்கணும்ல. இன்னிக்குப் பாலம் திருவிழா மாதிரிதான் கீது."

என் சட்டைப் பையில் செல்போன் இருந்தது. மீனுக்காகப் பச்சையம்மாவின் எண் அதில் உண்டு. எடுத்து மணி பார்த்தேன். எட்டு ஐந்து. திரும்பப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எட்டுப் பன்னிரண்டுக்குச் சத்தம் கேட்டது. நனைந்த தார்ப்பாயை இரண்டு பேர் பிடித்து இழுத்துக் கிழித்தால் ஒரு சத்தம் வரும். அதுதான், கொஞ்சம் பெரிதாக.

கடைக்குப் போய் ஷட்டரைத் திறந்தேன். மூட ஏதாவது வேண்டும் என்று ஜார்ஜ் ஓடி வந்தான். நீலத் தார்ப்பாய் நான்கு எடுத்துக் கொடுத்தேன். அவன் என்னை வெறித்துப் பார்த்தான். "நாலு எப்படி சார் பத்தும்?" என்றான். அப்புறம் பதின்மூன்று கொடுத்தேன். பச்சையம்மா மேல் போர்த்தினதும் அதில் ஒன்றுதான். அவளை அடையாளம் காட்டியது கூடை.

பிறகு நடந்ததெல்லாம் தாங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். கால்வாய்க் கரை முழுக்க மலர்வளையம். பதினேழு படங்களையும் கண்ணீர்த் துளியோடு அச்சடித்து ஆளுக்கொரு கட்சி ஃபிளெக்ஸ் வைத்தது. இறந்தவர்களின் முகத்தைவிட வைத்தவர்களின் முகம் பெரிதாக இருந்தது. கோயிலில் விளக்கு, மாதா கோயிலில் பூசை, மசூதியில் துஆ, முகத்துவாரம் வரைக்கும் மெழுகுவர்த்தி ஊர்வலம். பன்னிரண்டு வருடமாக எங்கள் நகர் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் வழி கேட்காமல் வந்து சேர்ந்தார்கள்.

அழுகை அடங்கினதும் பயம் வந்தது. பெரம்பூர் மேம்பாலத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றாலே பெண்கள் இறங்கி நடந்தார்களாம். எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏற மாட்டோம் என்று பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டில் மூடி கீழே விழுந்தால்கூட நாலு பேர் வெளியே ஓடி வந்தார்கள். எங்கிருந்தெல்லாமோ சங்கத்துக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். எங்கள் பாலத்துக்கும் எழுதிக் கொடுங்கள் சார் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். இடது பக்கம் ஓர் அங்குலம் விட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

புதிய பாலத்துக்குப் பதினோராவது நாள் அனுமதி வந்தது. பன்னிரண்டு வருடமும் அறுபத்து நான்கு கடிதமும் செய்யாததைப் பதினோரு நாள் செய்தது. குமாஸ்தா சொன்னதில் எண் ஒன்றுதான் தவறு. நாலு என்றுதான் சொன்னார். பதினேழு நான் எதிர்பார்த்ததில்லை. அதற்கு என்னைப் பொறுப்பாக்க முடியாது என்று நினைக்கிறேன்.

விசாரணைக்கு வந்தபோது என் நகல்களைக் கட்டிக் கொண்டுவந்து தங்கள் மேஜையில் வைத்தேன். மொஹ்சின் கூண்டில் நின்று, "இந்த சார்தான் லெட்டர் குடுத்து என்னைத் திருப்பி அனுப்பினாரு" என்றார். அலுவலகக் கோப்பில் அப்படி ஒரு கடிதம் இல்லை. தாங்கள் அவரைக் கண்டித்தீர்கள். ஊருக்காக உழைக்கிற பெரிய மனிதர் மேல் பழி போடுகிறாயே என்றீர்கள். அதற்கடுத்துத்தான் நாடு உருப்படுகிற வாக்கியம். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "இத்தனையும் நீங்கள் எழுதினதுதானா?" ஆம் என்றேன். அதுவும் பொய் இல்லை. அந்தக் கட்டில் ஐம்பத்தேழுக்கு அடுத்து ஐம்பத்தொன்பது இருந்தது. தாங்கள், அரசு வழக்கறிஞர், மூன்று நிருபர்கள், எல்லோரும் புரட்டினீர்கள். எண்ணை யாரும் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் இதற்கு முட்டி போட வைப்பார்கள்.

போன வியாழக்கிழமை மொஹ்சினின் மனைவி ரூஹி கடைக்கு வந்தார். பிளாஸ்டிக் பையில் காகிதங்கள். நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க கையால ஒரு மனு வேணும் சார். நீங்க எய்தினா பாலமே வந்துச்சு. என் வூட்டுக்காரரு வர மாட்டாரா?"

எழுதுகிறேன் என்றேன்.

"அவரு உங்க பேரத்தான் சொல்லிக்கினு கீறாரு. நான் நம்பல சார். உள்ள கெடந்து கெடந்து புத்தி பேஜாராயிடுச்சு அவருக்கு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். ஒரு பக்கத்தில் மனுவை முடித்தேன். நன்றாகவே வந்திருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு, என் காலைத் தொடக் குனிந்தார். தடுத்துவிட்டேன்.

அவர் போனபின் நகலுக்கு அறுபத்தைந்து என்று எண் போட்டு அடுக்கில் வைத்தேன். அப்போதுதான் ஐம்பத்தேழுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் நடுவே இருந்த இடைவெளி கண்ணில் பட்டது. பதினாறு மாதமாக அது என்னை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது போல. ஒரு கோப்பு குறையோடு இருக்கக் கூடாது. ஆகவே ஐம்பத்தெட்டாம் எண் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நீலக் கார்பன்; கையெழுத்து என்னுடையது.

பாலம் விழும் என்று எனக்குத் தெரியும். கட்ட வந்தவரைத் திருப்பி அனுப்பினேன், எச்சரிக்கைத் தகரத்தை அவிழ்த்தேன், மறியலை நிறுத்தினேன், விழுகிற நாளில் செல்போனை எடுத்து மணி மட்டும் பார்த்தேன். பாலத்தை நான் இடிக்கவில்லை. விழ விட்டேன். ஒரு நாளைக்கு நாலாயிரம் பேர், நூறு வருடம் நிற்கப்போகிற பாலம். தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொஹ்சினை விடுதலை செய்ய வேண்டுகிறேன். புதுப் பாலத்தின் கல்வெட்டில் ஒன்பதாவது வரியில் என் பெயர் இருக்கிறது. அதை எடுப்பதானால் முறைப்படி எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

போன மாதம் திறப்பு விழாவில் என்னைத்தான் முதலில் நடக்கச் சொன்னார்கள். இறந்தவர்கள் வீட்டுக்காரர்கள் முதலில் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். கை தட்டினார்கள். பச்சையம்மாவின் மகள் மலிகா அம்மாவின் தொழிலைத்தான் செய்கிறாள். கூடையோடு நடுப்பாலம் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா சார், நீ வர்ல?"

நான் கையைக் காட்டிவிட்டு வடக்குப் பக்கமாக நடந்தேன். இன்று வரை அப்படித்தான். இதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். புதுப் பாலம் மிக உறுதியான பாலம். தூண்களைத் தட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. நான் சுற்றிப் போவது உடம்புக்காக மட்டும். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது, ஐயா. வராமல் இருக்கத்தான் நடக்கிறேன்.